யானைக்குட்டியின் முதல் நடை

சின்னக் குழந்தைகள் பார்க்கும் கார்ட்டூன்களில் உருவங்களை நடக்க வைப்பது என் வேலை. கம்பெனி சென்னையில் இருக்கிறது. மகள் பிறந்த பிறகு திருத்தணியில் வீட்டிலிருந்தபடியே கம்ப்யூட்டரில் செய்து அனுப்புகிறேன். கதை ஆங்கிலத்தில் வரும். பள்ளி முழுக்கத் தமிழில் படித்த எனக்கு நடக்க 'வாக்', ஓட 'ரன்' என்ற இரண்டு சொற்களே போதுமாக இருந்தன. வேலைக்கு வந்த பிறகுதான் அந்த மொழியில் நடைக்கு எத்தனை சொல் இருக்கிறது என்று தெரிந்து மலைத்தேன். 'ஸ்ட்ரோல்' என்றால் எங்கும் போய்ச் சேரும் அவசரமில்லாத நடை. 'ட்ரட்ஜ்' என்றால் காலைத் தூக்கி வைப்பதே பாரமாக இருக்கும் நடை. ஒரு சொல்லைத் தப்பாகப் புரிந்துகொண்டால் ஒரு வார உழைப்பு வீண்.

சென்ற ஆண்டு அப்படித்தான் ஆனது. ஒரு யானைக்குட்டி முதன்முதலாக எழுந்து தாயிடம் 'டாடில்' செய்து போக வேண்டும். அகராதியில் 'தள்ளாடி நட' என்று போட்டிருந்தது. எனக்கு முன்பே தெரிந்த 'ஸ்டேகர்' என்ற சொல்லுக்கும் அதே பொருள்தான். இரண்டும் ஒன்றென்று முடிவுகட்டி, குட்டியை அப்படியும் இப்படியும் சாய்த்துச் சாய்த்து நடக்கவிட்டு அனுப்பினேன். மேலதிகாரி அம்மா போனில் சிரித்துவிட்டார்.

"குட்டி மாதிரி இல்லம்மா. குடிச்சிட்டு வீட்டுக்கு வர்ற ஆள் மாதிரி இருக்கு."

திங்கட்கிழமைக்குள் திருத்தித் தரச் சொன்னார்.

வீட்டிலும் அப்போது நடையைப் பற்றித்தான் பேச்சு. மகளுக்கு ஒன்றேகால் வயது ஆகியும் நடக்கவில்லை. வேகமாகத் தவழ்வாள், கட்டிலைப் பிடித்து நிற்பாள், கையை விட்டதும் பொத்தென்று உட்கார்ந்துவிடுவாள். பயப்பட ஒன்றுமில்லை என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆனால் வருகிறவர்கள் எல்லாம் அதையே கேட்க, பதில் சொல்லிச் சொல்லி என் மாமியாரான அத்தைக்கு அலுத்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை. அரக்கோணத்தில் ரயில்வே வேலை பார்க்கும் என் கணவர் வீட்டில் இருந்தார். அவர் என் மாமன் மகன். சிறு வயதிலிருந்தே எனக்குப் பாவா. குழந்தை மாதிரி நடந்து காட்டுங்கள், படம் பிடித்துப் பார்த்துச் செய்கிறேன் என்றேன். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு கூடத்தில் நடந்தார். மறுபடியும் குடிகாரன்தான் வந்தான். கட்டிலோரம் இருந்த மகள் கைதட்டிச் சிரித்தாள்.

"இன்னும் சின்னதா அடி வைங்க பாவா."

"ஆங், இதுக்கு மேல சின்னதா வெச்சா நின்னுக்கினுதான் இருக்கணும்."

எதிர்ச் சுவர்வரை போய்த் திரும்பினார். நான் போன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். திரையின் ஓரத்தில் ஏதோ அசைந்தது. மகள் எழுந்து நின்றிருந்தாள். கட்டிலிலிருந்து கையை எடுத்தாள். உட்காரவில்லை.

"பாவா, அசையாதீங்க," என்றேன், மெதுவாக.

இரண்டு கைகளும் தோளுக்கு மேலே, கால்கள் அகல விரிந்து, வயிறு முன்னால் தள்ள, அவரைப் பார்த்தே வந்தாள். நடுவில் ஒருமுறை ஆடினாள். அவள் நிற்கவில்லை. தொப் தொப்பென்று வந்து அவர் லுங்கியைப் பிடித்துத்தான் நின்றாள்.

அடுப்படியிலிருந்து கரண்டியோடு வந்த அத்தைக்கு ஒன்றும் புரியவில்லை. "கொழந்த எப்டிடா உன்னாண்ட வந்தா?"

"நடந்துக்கினு வந்தாம்மா," என்றார் அவர்.

அத்தை நம்பாமல் பேத்தியைத் தூக்கிப்போய்க் கட்டிலோரம் மறுபடி நிறுத்தினார். மறுபடியும் வந்தாள். பிறகு அத்தை பொதட்டூர்பேட்டை, ஆர்.கே.பேட்டை என்று பக்கத்து ஊர்ச் சொந்தக்காரர் ஒருவர் விடாமல் போன் போட்டார். நான் அந்தப் படத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டினேன். சொல்லின் பொருள் கண்ணெதிரே இருந்தது. ஸ்டேகர் செய்கிறவன் விழாமலிருக்கப் பாடுபடுகிறான். டாடில் செய்கிற குழந்தைக்கு விழுவதைப் பற்றிய நினைப்பே இல்லை. போய்ச் சேர வேண்டும், அவ்வளவுதான். தமிழில் இதற்குத் தளர்நடை என்று தனிச்சொல்லே உண்டு. எனக்குத்தான் அது தோன்றவில்லை.

குட்டி அப்படியும் இப்படியும் சாய்வதை எடுத்துவிட்டேன். கால்களை அகட்டினேன். கண்ணைத் தாயின் மேலேயே வைத்தேன். திங்கட்கிழமை காலை அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் மேலதிகாரி அம்மா கூப்பிட்டார். இதுதான் வேண்டும், எங்கே பார்த்துச் செய்தாய் என்று கேட்டார். சொல்ல ஆரம்பித்தேன். முடிக்க முடியவில்லை. மகள் வாசற்படி வரைக்கும் போய்விட்டிருந்தாள். போனைக் காதில் வைத்தபடியே அவள் பின்னால் ஓடினேன்.