ஒத்துக்கிட்டாத்தான் ஸ்பேனர்

மூடியைத் திருகித் திறந்து டேங்குக்குள் மூக்கை விடுகிறார் மெக்கானிக். கண்கள் மூடியிருக்கின்றன. மேசைக்கு எதிர்ப்பக்கம் விரித்திருக்கும் பழைய சாக்கின் மேல், புல்வெட்டும் மெஷினின் சொந்தக்காரர் நிற்கிறார். மூக்கு மெதுவாக வெளியே வருகிறது.

"டீசல்" என்கிறார். "யார் ஊத்துனது?"

"தெரியலயே. ஓடிக்கிட்டு இருந்துச்சு, தானா நின்னுபோச்சு."

"தானா நிக்கும் சார். பெட்ரோல் மெஷின் தானா டீசல் குடிக்குமா?"

சொந்தக்காரர் முதலில் பெட்ரோல் பங்க்கைத் திட்டுவார். பிறகு மச்சினன் மேல் பழியைப் போடுவார். மெக்கானிக் ஸ்பேனரைத் தொடாமல் டீயை ஆற்றிக்கொண்டிருப்பார். "நான்தான் ஊத்தினேன்" என்று வாய்விட்டுச் சொன்னால்தான் மெஷினில் கை வைப்பார். அது அவர் கடைச் சட்டம். முனகினால் செல்லாது. "சத்தமா" என்பார்.

அடுத்த கடை என்னுடையது, மூக்குக் கண்ணாடிக் கடை. நடுவில் இருப்பது இடுக்கு விட்ட பலகைத் தடுப்பு. அதனால் இந்தத் தெருவில் யார் யார் எதை எதில் ஊற்றினார்கள் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி.

ஒருநாள் கேட்டேன், எதற்கு இந்தக் கெடுபிடி என்று. "பொய் சொல்லிட்டுப் போறவன் அடுத்த மாசமும் அதையேதான் சார் ஊத்துவான். வாயால சொல்லிட்டான்னு வைங்க, கேனைத் தூக்குறப்பவே கை நடுங்கும்" என்றார். இதில் கொஞ்சம் நியாயமும், நிறைய சந்தோஷமும் இருப்பதாக எனக்குப் படுகிறது.

தெருவில் அவருக்கு 'மூக்கு மெக்கானிக்' என்று பெயர். நேரில் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள், சப்பை மூக்கு. ஆனால் அதற்கு அவர் செய்கிற உபசாரம் கொஞ்சநஞ்சமல்ல. பகலில் பச்சை வெங்காயம் கிடையாது. மனைவி பவுடர் போட்டுக்கொண்டு கடைக்குள் வரக்கூடாது. அந்த அம்மாள் கடையிலேயே உட்கார்ந்து, அறுந்த ஸ்டார்ட்டர் கயிறுகளை மாற்றிச் சுற்றித் தருபவர். வேகத்தில் இவரை மிஞ்சுவார். இவருக்கும் அது தெரியும், சொல்லமாட்டார்.

அலமாரியில் ஒரே மாதிரி மூன்று வெள்ளைக் கேன்கள். ஒன்றில் பெட்ரோல், ஒன்றில் டீசல், மற்றதில் பாகங்களைக் கழுவ மண்ணெண்ணெய். எதிலும் பெயர் எழுதியிருக்காது.

"எழுதி ஒட்டுங்கன்னா கேக்குறீங்களா?" என்பார் மனைவி.

"மூக்கு இருக்கறப்ப எழுத்து எதுக்கு?"

"சளி பிடிச்சா?"

"யாருக்கு, எனக்கா?"

போன வாரம் பிடித்தது. சாதாரணமாக அல்ல, கண்ணெல்லாம் சிவந்து, பேச்சே குழறும்படி பிடித்தது. அன்றைக்குத்தான் கணக்கு டீச்சரின் மெஷின் பிளேடு தீட்டுவதற்காக வந்திருந்தது. டீச்சர் வாடகை வீட்டைக் காலி செய்கிறார். வீட்டுக்காரர் பார்வையிட வருமுன் புல்லை வெட்டியாக வேண்டும்.

இந்த டீச்சர் சென்ற மாதம்தான் அதே சாக்கில் நின்றவர். "நான் அப்படிப் பண்ற ஆளே இல்ல தம்பி" என்று முதலில் சாதித்தார். மெக்கானிக் விடவில்லை. கடைசியில் ஒத்துக்கொண்டபோதும், "எனக்குக் கேக்கல டீச்சர், சத்தமா" என்று இரண்டாம் தடவை சொல்லவைத்தார். தெருவே அதை ஒரு வாரம் பேசியது.

இந்தச் சளியோடு மெக்கானிக் பிளேடைத் தீட்டி மாட்டிவிட்டு, போனால் போகிறதென்று டேங்கையும் நிரப்பிவிட்டார். கயிற்றை இழுத்தார். மெஷின் இருமியது, வெள்ளைப் புகையைக் கக்கியது, நின்றது. மூடியைத் திறந்து மோந்தார். ஒன்றும் தெரியவில்லை. மூக்கைச் சிந்திவிட்டு மறுபடி மோந்தார். பிறகு என்னால் மறக்கவே முடியாத காரியம் ஒன்றைச் செய்தார். மனைவியைக் கூப்பிட்டார்.

அந்த அம்மாள் குனிந்து ஒரே இழுப்பு இழுத்தார்.

"டீசல். யார் ஊத்துனது?"

"கேன் மாறிப்போச்சு."

"தானா மாறுமா?"

மெக்கானிக் வேலையில் இறங்கினார். டேங்கை வடித்தார், குழாயைக் கழற்றினார், கார்புரேட்டரைப் பிரித்துக் கழுவினார், பிளக்கைத் துடைத்துக் காயவைத்தார். புதுப் பெட்ரோலை மனைவி மோந்து சொன்ன பிறகே ஊற்றினார். மெஷின் முரண்டு பிடித்து, கொஞ்சம் புகைந்து, பிறகு ஒழுங்காக ஓடியது. தடுப்புக்கு அந்தப் பக்கம் குசுகுசுவென்று பேச்சு. நான் காதைத் தீட்டிக்கொண்டேன்.

"டீச்சர்கிட்ட மூச்சு விடாத."

"சட்டம் என்னாச்சு?"

"சட்டம் வர்றவங்களுக்கு. தெருவுல நான் தலை காட்ட வேணாமா?"

சொல்லி வாய் மூடவில்லை, டீச்சர் வந்துவிட்டார். நான் வெளியே வந்து நின்றுகொண்டேன், வியாபாரம் எங்கே போய்விடும். மெஷின் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. மிச்சப் புகை வாசல் பக்கம் மெல்லப் போனது. டீச்சர் அதைப் பார்த்தார். முகம் வாடிவிட்டது. யாரும் எதுவும் சொல்லாமலே கைப்பையை மேசை மேல் வைத்துவிட்டு, நேராகப் போய்ச் சாக்கின் மேல் நின்றார்.

"தம்பி, மறுபடியும் மாத்தி ஊத்திட்டேன் போல. பிளேடு மட்டும் தீட்டக் குடுத்ததாத்தான் ஞாபகம். ஆனா இது அதே புகை. எனக்கு இப்பல்லாம் எதுவுமே நினைவுல நிக்கறதில்ல."

குரல் இறங்கிப்போயிருந்தது. எனக்கு அதுவரை வந்த சிரிப்பு நின்றுவிட்டது. மெக்கானிக் ஒரு தலையாட்டலில் தப்பித்திருக்கலாம்.

டீச்சர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "நான்தான்…"

"இருங்க டீச்சர்!"

மெக்கானிக் மேசையைச் சுற்றி ஓடிவந்தார். டீச்சரின் கையைப் பிடித்துக் கூட்டிப்போய்த் தன் நாற்காலியில் உட்காரவைத்தார். மனைவி, யாரும் சொல்லாமலே, மெஷினை நிறுத்தினார். டீச்சர் அந்த மூன்று வெள்ளைக் கேன்களைப் பார்த்தார், பிறகு சிவந்துகிடந்த அந்தச் சப்பை மூக்கைப் பார்த்தார். நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார்.

"சத்தமா, தம்பி."

மெக்கானிக் மூக்கை ஒருதரம் உறிஞ்சிக்கொண்டு, சாக்கின் மேல் ஏறி நின்று, கையைக் கட்டிக்கொண்டார்.