சிவப்பு முடிச்சு போன வீடுகள்

உன்னோ சிசாதோவைப் போல எதையும் இரண்டு முறை கேட்டுச் சரிபார்க்கும் ஆளை நான் பார்த்ததில்லை. அவளுக்குப் போய் இது நடந்ததே என்பதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

ஷிசுவோகாவில் தேயிலைப் பரிசுப் பெட்டிகள் அனுப்பும் நிறுவனம் எங்களுடையது. நான் டெலிவரிப் பிரிவு. அவள் கம்ப்யூட்டர் பிரிவு, அதாவது அவளும் ஒரு சர்வரும். யார் யாரோ எழுதிவிட்டுப் போன பழைய புரோகிராம்கள் அதில் ஓடிக்கொண்டிருந்தன. ஒரு சின்ன விஷயத்தை மாற்றவேண்டுமென்றாலும் முப்பது இடத்தில் கைவைக்க வேண்டும். அந்த வருடம் மேலாளர் கட்சுமாதா, களஞ்சிய முறை என்று ஒன்றை வாங்கி அவள் தலையில் கட்டினார். பெயர், முகவரி, சுற்றும் காகிதம் என ஒவ்வொரு விவரத்தையும் அதற்கான விதியோடு களஞ்சியத்தில் ஒரு முறை எழுதிவிட்டால், எல்லாத் திரைகளும் அங்கிருந்தே எடுத்துக்கொள்ளுமாம்.

காகிதத்தில்தான் வந்தது வினை. பெட்டியைச் சுற்றும் காகிதத்தில் ஒரு முடிச்சு அச்சிட்டிருக்கும்: நல்ல காரியத்துக்குச் சிவப்பு வெள்ளை முடிச்சு, துக்கத்துக்குக் கறுப்பு வெள்ளை. யாரும் எதுவும் நிரப்பாமல் விட்டால் என்ன செய்வது என்று ஒரு விதி வேண்டும். உன்னோ பழைய ஆர்டர்களைப் புரட்டினாள். காலியாக இருந்ததெல்லாம் வருடக் கடைசிப் பரிசுகள். சரி, காலி என்றால் சிவப்பு என்று வைத்தாள். அப்போதும் மனம் கேட்காமல், துக்க ஆர்டர்களைப் பதியும் இஷிகாமியிடம் போனாள்.

“இஷிகாமி-சான், காகிதக் கட்டத்தை எப்பவாவது காலியா விடுவீங்களா?”

“இத்தனை வருஷத்துல என் சிலிப்புல கறுப்பு இல்லாம ஒண்ணு போயிருக்கா? போய் உன் மெஷினைப் பாரும்மா.”

இஷிகாமி பொய் சொல்லவில்லை. ஆனால் அந்தக் கட்டத்தை அவள் ஒரு நாளும் நிரப்பியதில்லை. அவளுடைய பழைய புரோகிராமே கறுப்பைத் தானாகப் போட்டுக்கொண்டிருந்தது. அது அவளுக்கே தெரியாது.

டிசம்பரில் புது முறை ஓடத் தொடங்கியது. பழைய புரோகிராம் நின்றதும் இஷிகாமியின் ஆர்டர்களில் அந்தக் கட்டம் காலியாகவே வந்தது. பேக்கிங் கூடத்தில் மலையாகச் சிவப்புக் காகிதம். தற்காலிக ஆட்கள் வந்ததை வந்தபடி சுற்றினார்கள். அந்த வாரம் ஒன்பது துக்க வீட்டார் மற்றவர்களுக்கு அனுப்பச் சொன்ன பெட்டிகளெல்லாம் சிவப்பு முடிச்சோடு போய்ச் சேர்ந்தன. வாங்கியவர்கள் அனுப்பியவரிடம் வாய் திறப்பார்களா? நம் ஊரில் முகத்துக்கு நேரே ஒருவரும் சொல்ல மாட்டார்கள். முதுகுக்குப் பின்னால் மென்று தீர்ப்பார்கள்.

ஒரே ஒருவர் போன் செய்தார், மசுதா ஹட்சுமி. கணவரின் சாவுக்கு வந்து காணிக்கை வைத்த அறுபது பேருக்கு, நாற்பத்தொன்பதாம் நாள் கழித்துப் பதில் பரிசு அனுப்பச் சொல்லியிருந்தவர்.

மேலாளர் உன்னோவையும் என்னையும் கூப்பிட்டார். “பேக்கிங்ல கை தவறிடுச்சுன்னு சொல்லுங்க. மத்த எட்டு வீட்டுல யாரும் கேக்கல. நாமளா போய்க் கிளற வேண்டாம்.”

இனிப்புப் பெட்டியோடு போனோம். ஹட்சுமி தேநீர் வைத்தார், எங்களைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

“நான் ரெண்டாம் தாரம். அவர் போனதைக் கொண்டாடறேன்னு அவரோட அண்ணன் சொல்றார். குடும்பக் கல்லறையில அவர் பக்கத்துல எனக்கு இடமில்லைன்னுட்டார். நீங்க மன்னிப்பு கேக்க வேண்டியது என்கிட்ட இல்லைங்க.”

அண்ணன் எய்சாகுவின் வீடு இரண்டு தெரு தள்ளி. உன்னோ தரையில் நெற்றி படக் குனிந்து, மேலாளர் சொல்லிக்கொடுத்ததைச் சொன்னாள்.

“கை தவறினா ஒண்ணு ரெண்டு தவறும். அறுபது பெட்டியிலுமா தவறும்?” என்றார் அவர். “அவ கேட்டு வாங்கின காகிதம். நீங்க கடைக்காரங்க, மூடி மறைக்க வந்திருக்கீங்க.”

எனக்கு ரத்தம் கொதித்தது. ஆனால் கிழவர் சொன்னதில் என்ன தப்பு? மூடி மறைக்கத்தானே போயிருந்தோம். உன்னோ தலையைத் தூக்கினாள்.

“கை தவறலைங்க. காலியா இருந்தா சிவப்புன்னு விதி எழுதினது நான். அந்த வாரம் எல்லாத் துக்க வீட்டுப் பெட்டிக்கும் சிவப்புதான் போச்சு. உங்க தம்பி வீட்டோட சேர்த்து ஒன்பது.”

“மத்தவங்ககிட்ட சொல்லியாச்சா?”

“இல்லைங்க.”

“சொல்லிட்டு வாங்க. அப்ப நம்பறேன்.”

வண்டியில் ஏறியதும் கத்தினேன். “உனக்குப் பைத்தியமா? கட்சுமாதா உன்னைத் தூக்கிடுவார்.”

“நீங்க வண்டியில பெட்ரோல் இருக்கான்னு மட்டும் பாருங்க, கொமாகி-சான்.”

டெலிவரி வேலைகளுக்கு நடுவே வீடு வீடாகப் போனோம். ஒரு வீட்டில் அழுதார்கள், ஒரு வீட்டில் இனிப்புப் பெட்டி எங்கள் காலடியில் வந்து விழுந்தது. எல்லா இடத்திலும் அவள் அதே வார்த்தைகளைச் சொன்னாள். களஞ்சியத்தில் அந்த விதியையும் எடுத்துவிட்டாள். இப்போது காகிதத்தை நிரப்பாமல் திரை நகராது. ஒவ்வொரு சிலிப்புக்கும் கறுப்பைக் கையால் போட வேண்டிவந்த இஷிகாமி அவளோடு பேச்சை நிறுத்திவிட்டாள்.

ஜனவரியில் ஒரு நாள் எய்சாகு கறுப்பு சூட் போட்டுக்கொண்டு எங்கள் அலுவலகத்துக்கே வந்து, மேலாளர் முன்னால் குனிந்தார். முறை தெரிந்த மனிதர், என்ன செய்வது.

“நான் சந்தேகப்பட்டதுக்கு மன்னிக்கணும். உங்க உன்னோ-சான் மத்த வீடுகளுக்கும் போய் உண்மையைச் சொன்னதை விசாரிச்சுத் தெரிஞ்சுக்கிட்டேன். தம்பி சம்சாரத்துக்குக் கல்லறையில இடம் உண்டுன்னு சொல்லிட்டேன். இப்படி ஒரு ஆளை வச்சிருக்கீங்களே, பெரிய விஷயம்.”

மேலாளர் அவரைவிடத் தாழ்வாகக் குனிந்தார். கார் வரை போய் வழியனுப்பினார். திரும்பி வந்து கதவைச் சாத்திக்கொண்டு, “கிளற வேண்டாம்னு சொன்னேனே” என்று உன்னோவிடமிருந்து சர்வரின் கடவுச்சொல்லை வாங்கிக்கொண்டார். மறுநாளிலிருந்து அவளுக்குப் பேக்கிங் கூடத்தில் வேலை.

ஏப்ரனைக் கையில் வைத்துக்கொண்டு என் வண்டி அருகே வந்து நின்றாள்.

“ஒரு வீடு மட்டும் பூட்டியே இருந்துச்சே, கொமாகி-சான்,” என்றாள். “ஞாயித்துக்கிழமை இன்னொரு தடவை போய்ப் பாக்கலாமா?”