மணல் மூட்டைக்குப் பதிலாக

என் மாமா செய்த வண்டியில் நாற்பத்திரண்டு நட்டுகள் இருந்தன. இது தோராயக் கணக்கு அல்ல. ஏறுவதற்கு முன்பு ஒவ்வொரு தடவையும் எண்ணியிருக்கிறேன். ஒரு தடவை நாற்பத்தொன்றுதான் வந்தது. மாமாவிடம் சொன்னேன். "மிச்சம் நாப்பத்தொண்ணு இருக்குல்ல, ஏறுடா மாப்ள" என்றார். இன்றைக்கும் பஸ் வந்து நின்றால் என் கண் முதலில் சக்கரத்து நட்டுகளைத்தான் பார்க்கிறது. பேரப்பிள்ளைகள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். நட்டு குறைந்த வண்டியில் அவர்கள் போனதில்லை.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. அரியலூரில் ஒரு வெல்டிங் பட்டறையில் வேலை பார்த்தார். எங்கள் ஊர் அங்கிருந்து கொஞ்சம் தள்ளி, சுண்ணாம்புக்கல் குழிகளுக்கும் முந்திரிக்காட்டுக்கும் நடுவில் இருந்தது. எண்பதுகளின் தொடக்கம், எனக்கு ஒன்பது வயது. மாமாவிடம் ஒரு மோட்டார் சைக்கிள் இருந்தது. கல்யாணமாகி ஒரு வருஷம்கூட முடியாத அத்தையைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு பெரம்பலூர் போய்த் திரும்பும்போது, அத்தையின் சேலைத் தலைப்பு சங்கிலியில் மாட்டிக்கொண்டது. அத்தை ரோட்டிலேயே இறந்துபோனார். மாமாவுக்கு முழங்கையில் தோல் உரிந்ததோடு சரி. எனக்கும் நாலு வயதுத் தங்கைக்கும், அத்தை சாமியிடம் போய்விட்டதாக மட்டும் சொன்னார்கள். ஆனால் தலைப்பு, சங்கிலி என்று பெரியவர்கள் கிசுகிசுத்ததையெல்லாம் நான் ஒன்றுசேர்த்து, எனக்கு வேண்டிய அளவு பயத்தைத் தயார் செய்து வைத்திருந்தேன்.

காரியம் முடிந்த கையோடு அம்மா தம்பியை எங்கள் வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டாள். மாமா பட்டறைக்குப் போகவில்லை. யாருடனும் பேசாமல் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். பிறகு ஒரு நாள் எழுந்து, மோட்டார் சைக்கிளைத் தள்ளிவந்து வாசலில் போட்டு அக்கக்காகப் பிரித்தார். அடுத்து, கல்யாணச் சீராக வந்த இரும்புக் கட்டிலை எடுத்துவந்து ரம்பத்தால் அறுக்க ஆரம்பித்தார். தெருவே கூடிவிட்டது. சீர்க் கட்டிலை அறுக்கிறவனை அதுவரை யாரும் பார்த்ததில்லை. "புத்தி பெரண்டு போச்சு இவனுக்கு, தடுத்து நிறுத்தும்மா" என்றார்கள். அம்மா மட்டும், "அறுக்கட்டும், விடுங்க. எதையாவது அறுத்துக்கிட்டு இருந்தா சரி" என்றாள்.

கட்டில் குழாய்கள் வண்டியின் கூடாயின. பழைய ஸ்கூட்டர் சக்கரங்கள் நான்கு வந்தன. எங்கோ உடைத்துப்போட்ட ஜீப்பின் ஸ்டியரிங் வந்தது. பட்டறையில் கொண்டுபோய் எல்லாவற்றையும் பற்றவைத்தார். மோட்டார் சைக்கிள் இன்ஜின் இரண்டு இருக்கைகளுக்கும் பின்னால் உட்கார்ந்தது. மேல்கூரை இல்லை, கதவு இல்லை. "ரெண்டு சக்கரம்னா விழும். நாலு சக்கரம் விழாது" என்று மாமா சொல்லுவார், யாரும் கேட்காதபோது. பிரேக் வைப்பதற்கு முன்பே மண்ணெண்ணெய் டின்னை வெட்டிச் சங்கிலிக்கு மூடி செய்து மாட்டிவிட்டார். எது முதலில் தேவை என்பதுகூட இவருக்குத் தெரியவில்லையே என்று எனக்குக் கவலையாக இருந்தது.

வண்டி ஓடியது. ஆனால் சங்கிலி இடது பின்சக்கரத்தை மட்டும்தான் சுற்றியது. அந்தப் பக்கம் கனம் இல்லாவிட்டால் ஓடை மணலில் சக்கரம் சும்மா சுழன்றுகொண்டே நிற்கும். மாமா ஒரு மணல் மூட்டையை இடது இருக்கையில் கட்டினார். பிரச்சினை தீர்ந்தது என்று நான் நிம்மதியாக இருந்தபோது அம்மா வந்தாள்.

"மூட்டை எதுக்கு தம்பி? இவன் சும்மாதானே சுத்துறான், இவனை ஏத்திக்க."

மூட்டை இறங்கியது, நான் ஏறினேன். எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். மழையில் நனைந்தால்கூட அதட்டுகிற அம்மா, என்னை மணல் மூட்டைக்குச் சமமாக நிறுத்திவிட்டாள்.

பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் தினமும் சவாரி. ஓடைக்குள் இறங்கி, கரையேறி, முந்திரிக்காட்டுக்குள் புகுந்து கிளைகளுக்குக் குனிந்து, கல்லும் மேடுமான கல்லாங்குத்தில் குதித்துக்கொண்டே போவோம். மாமா ஒரு வார்த்தை பேசமாட்டார். பின்னால் சங்கிலி மூடிக்குள் கடகடவென்று ஓடும். என் கால்சட்டையைத் தொடையோடு சுருட்டி இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வேன். வண்டி தூக்கிப்போடும்போது எதைப் பிடிப்பது, கால்சட்டையையா குழாயையா என்று ஒரு கணம் தவிப்பேன். டீக்கடையைக் கடக்கும்போது பெஞ்சில் இருப்பவர்கள் எழுந்து நின்று சத்தம் போடுவார்கள். "என்னடா, மாமனும் மருமவனும் நிலாவுக்கா?" "வண்டிக்கு ஹாரன் இல்ல போலருக்கு, அதான் பயலை ஏத்தியிருக்கான், கத்திக்கிட்டே போறான் பாரு!" நான் கத்தியது உண்மைதான்.

எங்கள் பக்கத்தில் பிள்ளை பெறாமல் பெண் இறந்துவிட்டால், பிறந்த வீட்டார் வந்து சீரைத் திரும்ப எடுத்துப்போவது வழக்கம். ஒரு ஞாயிற்றுக்கிழமை அத்தையின் அப்பாவும் அம்மாவும் மாட்டுவண்டியோடு வந்தார்கள். பித்தளைக் குடம், அண்டா, தாம்பாளம், குத்துவிளக்கு எல்லாவற்றையும், பூட்டிக் கிடந்த மாமா வீட்டைத் திறந்து எடுத்துவந்து எங்கள் வாசலில் பரப்பினார்கள். அவர்களோடு சேர்ந்து நானும் எண்ணினேன். எல்லாம் சரியாக இருந்தது. கடைசியில் அந்த அம்மாள் கேட்டார்.

"கட்டில் எங்க?"

எல்லார் கண்ணும் வண்டிப் பக்கம் போனது. அந்தப் பெரியவர் தானாகவே வண்டியிடம் போனார். குழாயில் இன்னும் ஒட்டியிருந்த பச்சைப் பெயிண்டைக் கையால் தடவிப் பார்த்தார். பிறகு மாமாவைப் பார்த்து, சத்தத்தை உயர்த்தாமல் சொன்னார்: "எம்பொண்ணத்தான் வண்டியில வச்சு முடிச்ச. அவ படுத்த கட்டிலையும் வுட்டு வைக்கலியா?"

மாமா நேராகப் போய் வண்டியை உதைத்துக் கிளப்பினார். தாம்பாளத்தைக் கையில் வைத்திருந்த அம்மா அதை அப்படியே போட்டுவிட்டு, என் அக்குளில் கைகொடுத்துத் தூக்கி இடது இருக்கையில் எறிந்தாள். அன்றைக்கு நட்டுகளை எண்ண நேரமில்லை.

ஓடைப்பக்கம் திரும்பவில்லை. முந்திரிக்காட்டைக் குறுக்கே வெட்டிக்கொண்டு, கல் வெட்டி முடித்துக் கைவிட்ட பழைய குழியை நோக்கி வண்டி போனது. அவ்வளவு வேகமாக அது எப்போதும் போனதில்லை. எனக்குக் கத்தவும் வரவில்லை. குழிக்கு இறங்கும் சரிவில் கொஞ்ச தூரம் ஓடி, விளிம்புக்கு ஒரு ஆள் நீளம் இருக்கும்போது மாமா பிரேக்கை மிதித்தார். இன்ஜினையும் நிறுத்திவிட்டார். கீழே பல ஆள் ஆழத்தில் மழைத்தண்ணீர் பச்சையாக நின்றது. சக்கரத்துக்கு அடியிலிருந்து கிளம்பிய சரளைக்கற்கள் உருண்டு போய் விழுந்தன. விழுந்த சத்தம் வருவதற்கு நேரமாயிற்று.

"மாப்ள, நீ எறங்கி வீட்டுக்கு நடந்து போ" என்றார் மாமா. "நான் பின்னால வரேன்."

"நான் எறங்குனா வண்டி ஓடாதே மாமா. சக்கரம் சும்மா சுத்துமே."

"பரவால்ல. எறங்கு."

நான் இறங்கவில்லை. பாசமும் இல்லை, தைரியமும் இல்லை. முந்திரிக்காட்டில் நாய்கள் இருந்தன. போன மாதம்தான் ஒரு பையனைக் கடித்து, வயிற்றில் ஊசி போட்டார்கள். "தனியா போக மாட்டேன், நாய் இருக்கும்" என்றேன். மாமா என் விரல்களைக் குழாயிலிருந்து பிரித்தார். ஒரு கையைப் பிரித்து முடித்து அடுத்த கைக்குப் போவதற்குள் முதல் கை மறுபடி பிடித்துக்கொண்டது. இப்படியே மாற்றி மாற்றி நடந்தது. கடைசியில் அவர் விட்டுவிட்டுச் சாய்ந்து உட்கார்ந்தார்.

"நீ எவ்ளோ கனம்டா?" என்று கேட்டார்.

"இருபத்தாறு கிலோ மாமா. பள்ளிக்கூடத்துல எடை பாத்தாங்க."

மாமா சிரித்தார். அத்தை போன பிறகு அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன். சிரித்துக்கொண்டே இருந்தவர் முகத்தை ஸ்டியரிங்கில் கவிழ்த்துக்கொண்டார். முதுகு குலுங்கிக்கொண்டே இருந்தது. அதற்கேற்ப வண்டியும் ஆடியதால், தயவுசெய்து ஆடாமல் இருங்கள் என்று கெஞ்சினேன்.

நிமிர்ந்தபோது அவர் முகம் மாறியிருந்தது. நாங்கள் எங்கே நிற்கிறோம் என்று அப்போதுதான் பார்க்கிறவர் மாதிரி பார்த்தார். மோட்டார் சைக்கிளுக்கு ரிவர்ஸ் கிடையாது. அதனால் அந்த வண்டிக்கும் கிடையாது. பின்னால் போக வேண்டுமென்றால் ஆள் இழுக்க வேண்டும். பிரேக்கிலிருந்து காலை எடுத்தால் வண்டி சரிவில் முன்னால் போய்விடும்.

"ஆடாம இந்தப் பக்கம் வா. என் கால் மேல ஏறி நில்லு. நல்லா மிதி. நான் 'வுடு'ன்னா வுடணும், 'மிதி'ன்னா மிதிக்கணும். வேற எதையும் பாக்காத." என் இரண்டு காலும் பிரேக்கில் நின்ற பிறகு, மாமா தன் காலை மெதுவாக உருவிக்கொண்டு இறங்கினார்.

பின்னாலிருந்து அவர் குரல் மட்டும் வந்தது. வுடு. வண்டி ஒரு சாண் பின்னால் நகரும். மிதி. நிற்கும். அவர் மூச்சு வாங்குவது கேட்கும். ஒரு தடவை நான் மிதிக்கத் தாமதித்தேன். வண்டி முன்னால் வழுக்கியது. பச்சைத் தண்ணீர் என்னை நோக்கி ஏறி வருவது போல இருந்தது. "மிதிடா சாமி, மிதி!" என்று மாமா அலறினார். மிதித்தேன். கால்சட்டை நனைந்துவிட்டது. சமதரைக்கு வந்து திரும்பிப் பார்த்தபோது, அவர் உள்ளங்கைகள் இரண்டும் கிழிந்து ரத்தம் வழிந்துகொண்டிருந்தது. அந்தக் கையாலேயே என் தலையைப் பிடித்துப் பார்த்தார், ஏதோ உடைந்திருக்கிறதா என்று சோதிப்பது போல.

வீட்டில் மாட்டுவண்டி போய்விட்டிருந்தது. நான் அம்மாவிடம் ஒன்றுவிடாமல் சொன்னேன். அவள் இரண்டு கேள்விகள்தான் கேட்டாள்.

"எறங்கச் சொன்னானா?"

"ஆமா."

"நீ என்ன சொன்ன?"

"நாய் இருக்கும்னு சொன்னேன்."

அம்மா என்னை இழுத்து நெஞ்சோடு இறுக்கினாள். விலா எலும்பு வலித்தது. எப்படியும் நாளைக்கு அந்த வண்டியை உடைத்துப் போடச் சொல்லிவிடுவாள் என்று நிம்மதியாகத் தூங்கினேன்.

மறுநாள் காலையில், கையில் துணி சுற்றிக்கொண்டு மாமா வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அம்மா எனக்குத் தலைவாரி, பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாமல் வண்டியில் ஏற்றினாள். அதோடு நிற்கவில்லை. உள்ளே போய்த் தங்கையைத் தூக்கிவந்து என் மடியில் உட்காரவைத்தாள். அப்பா, "ரெண்டு பிள்ளையையுமா?" என்றார். அம்மா திரும்பி அவரைப் பார்த்தாள். அப்பா குடையை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார்.

"பாப்பா எதுக்குக்கா?" என்றார் மாமா, அவள் முகத்தைப் பார்க்காமல்.

"அவளும் சுத்திப் பாக்கட்டும். மூணு பேரும் சாப்பாட்டுக்கு வந்துடணும்."

மாமா தோளில் கிடந்த துண்டால் எங்கள் இருவரையும் இருக்கையோடு சேர்த்துக் கட்டினார். வண்டி அன்றைக்கு நடக்கிற வேகத்தில்தான் போனது. தெருக்கோழிகள்கூட அவசரப்படாமல் விலகின. அம்மா எங்களையே பார்த்துக்கொண்டு வாசலில் நின்றாள். இரண்டு பிள்ளைகளையும் ஒரே நாளில் தொலைத்துவிட முடிவு செய்துவிட்டாள் என்று நினைத்து, நான் அவளைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். எங்கள் மூன்று பேரில் அவள் யாருக்காகப் பயந்து நின்றாள் என்பது எனக்கு அப்போது தெரியாது.