மரியாதைக்காக விழுந்தேன்

எங்கள் சபையில் என்னைப் பார்த்தாலே சிலருக்குச் சிரிப்பு வந்துவிடும். நான் வாயைத் திறக்க வேண்டிய அவசியமே இல்லை. ஒரு கிறிஸ்துமஸ் நாடகத்தில் பாலன் இயேசுவைத் தேடி வரும் சாஸ்திரி வேஷம் கட்டி, ஒட்டகத்துக்குப் பதில் வாடகை சைக்கிளில் மணி அடித்துக்கொண்டே மேடைக்கு வந்தவன் நான். அன்றோடு கோமாளி என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. பொழிச்சலூரில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட சின்ன சபை அது. விமானம் தாழ்வாகப் போகும்போதெல்லாம் பாஸ்டர் பிரசங்கத்தை நிறுத்திவிட்டு, தூக்கிய கையைத் தூக்கியபடியே வைத்துக்கொண்டு காத்திருப்பார். அந்த இடைவெளியில் நான் பக்கத்து ஆள் காதில் எதையாவது போட்டுவைக்க, ஆண்கள் உட்காரும் பக்கம் மொத்தமும் குலுங்கும்.

எண்பதுகளின் கடைசியில் ஒரு வருஷம் எனக்கு உயிரோடு இருக்கப் பிடிக்கவில்லை. எப்படிச் சுற்றி வளைத்தாலும் விஷயம் இதுதான். அதனால் நேராகவே சொல்லிவிடுகிறேன்.

காரணம் கேட்காதீர்கள். சொல்லிக்கொள்ள எனக்கு ஒரு தகுதியான துக்கம்கூட இல்லை. யாரும் சாகவில்லை. வேலை போகவில்லை. மனைவி நல்லவள், மாமியார் தூரத்தில் இருந்தார். எல்லாம் சரியாக இருந்தபோதுதான், காலையில் கண் விழித்ததும் நெஞ்சின் மேல் யாரோ அம்மிக்கல்லை ஏற்றி வைத்துவிட்டுப் போனது போல இருந்தது. ஜெபிக்க முழங்கால் போடுவேன். “கர்த்தாவே” என்று ஆரம்பித்தால் அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. கூப்பிட்டுவிட்டு ஒன்றும் பேசாமல் நின்றால் மனிதர்களுக்கே கோபம் வரும். அவருக்கு எப்படி இருந்ததோ.

தினமும் பல்லாவரத்தில் மின்சார ரயில் ஏறித்தான் பட்டணத்தில் இருந்த ஆபீஸுக்குப் போகவேண்டும். வண்டி வேகமாக உள்ளே நுழையும்போது என் கால்களை நான் நம்பவில்லை. அதனால் பஸ் பிடித்து, நேர் எதிர்த் திசையில் தாம்பரம் போவேன். அங்கே புறப்படுகிற வண்டி முன்னதாகவே வந்து நின்றுகொண்டிருக்கும். அதில் ஏறி உள்ளே உட்கார்ந்த பிறகுதான் மூச்சு வரும். “அங்க போனாதான் உக்கார இடம் கிடைக்குது” என்று மனைவியிடம் சொல்லிவைத்திருந்தேன். உட்கார இடமும் கிடைத்தது என்பதால் முழுப்பொய் இல்லை.

சபையில் ஓரிருவரிடம் சாடையாகச் சொல்லிப் பார்த்தேன். ஒரு பெரியவர், “ரகசிய பாவம் ஏதாவது இருக்கும், அறிக்கை பண்ணிடுங்க பிரதர்” என்றார். வீட்டுக்குப் போய்ச் சல்லடை போட்டுத் தேடினேன். சீசன் டிக்கெட் முடிந்த மறுநாள் மறந்துபோய் ரயில் ஏறியதுதான் அகப்பட்டது. அதையும் அறிக்கை செய்தேன். அம்மிக்கல் அசையவில்லை.

அந்தச் சமயத்தில்தான் வெளியூர் ஊழியக்காரர் ஒருவர் வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்துக்கு வந்தார். அவர் தலையில் கை வைத்து ஜெபித்தால் ஜனங்கள் பின்னால் சாய்ந்து விழுவார்கள். விழுகிறவர்களைப் பிடித்து மெல்லப் பாயில் கிடத்துவதற்கென்றே சபையில் ஒரு அண்ணன் உண்டு. பம்மலில் லாரி ஓட்டுகிறவர், கதவு அகலத்துக்கு இருப்பார். வரிசையில் எனக்கு முன்னால் நின்றவர்கள் எல்லோரும் விழுந்தாகிவிட்டது. என் முறை வந்தது. ஊழியக்காரர் நெற்றியை அழுத்தினார், சத்தமாக ஜெபித்தார், வியர்வையைத் துடைத்துக்கொண்டு மறுபடி ஜெபித்தார். நான் நின்றேன். எப்படியாவது ஏதாவது நடந்துவிடாதா என்று, என் வாழ்க்கையில் அவ்வளவு ஆசையாக எதற்கும் காத்திருந்ததில்லை. ஒன்றும் நடக்கவில்லை.

பின்னாலிருந்து அண்ணன் என் காதில் கிசுகிசுத்தார்.

“இன்னா பிரதர், கல்லு மாறி நிக்கிறீங்கோ? வுழுங்க, நான் கீறேன்ல.”

“வரலண்ணா.”

“ஊழியக்காரருக்கு கை வலிக்கப் போவுது. சும்மா சாயுங்க, புட்ச்சிக்கிறேன்.”

பின்னால் வரிசை நீண்டிருந்தது. எனக்காக எத்தனை பேர் காத்திருப்பார்கள்? சாய்ந்தேன். ஜனங்கள் அல்லேலூயா என்றார்கள். பாயில் கண்ணை மூடிக் கிடந்தபோது, இனி போக வேறு இடமில்லை என்று மட்டும் தெளிவாகப் புரிந்தது.

விடுதலை பெற்றவன் அடுத்த ஞாயிறு எழுந்து சாட்சி சொல்லவேண்டும் என்பது எங்கள் சபை வழக்கம். பாஸ்டர் மைக்கை நீட்டிக் கூப்பிட்டார். “கர்த்தர் நம்ம பிரதரைத் தொட்டாரு. வாங்க, வந்து சொல்லுங்க.”

நான் எழுந்ததுமே சிரிப்பு ஆரம்பித்தது.

“எனக்குக் குணமாகல” என்றேன். சிரித்தார்கள்.

“அன்னைக்கு நான் தானா விழல. அண்ணன் பின்னாடி கைய நீட்டிக்கிட்டு ரொம்ப நேரமா நின்னாரு, பாவமா இருந்துச்சு. மரியாதைக்கு விழுந்தேன்.”

கூரை பிய்ந்துகொள்ளும் போலிருந்தது. லாரி அண்ணன் தொடையைத் தட்டிக்கொண்டு, “இவரு கீறாரே!” என்றார்.

“நிஜமாத்தான் சொல்றேன். எனக்குச் செத்துடலாம் போல இருக்கு.”

முன்வரிசையில் ஒரு அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “ஐயோ பிரதர், போதும், வயிறு வலிக்குது” என்றார். அவர் மேல் தப்பில்லை. ஒவ்வொரு வாக்கியம் முடிந்ததும் என் புருவம் பழக்க தோஷத்தில் தானாக ஏறி இறங்கியது எனக்கே தெரிந்தது. என் முகமே எனக்கு எதிராகச் சாட்சி சொல்லிக்கொண்டிருந்தது. மூழ்குகிறவன் கையை ஆட்டுகிறான், கரையில் இருப்பவர்களும் சந்தோஷமாகக் கையை ஆட்டுகிறார்கள். மைக்கை மறு கைக்கு மாற்றிக்கொண்டேன். அதற்கும் சிரித்தார்கள்.

“சிரிக்காதீங்க.”

பெண்கள் பக்கத்திலிருந்து என் மனைவி எழுந்து நின்றிருந்தாள். சபையில் சத்தமாக ஒரு ஜெபம்கூடச் செய்யாதவள்.

“இவரு தினமும் ராத்திரி தலைகாணிய வாயில அமுக்கிக்கிட்டு அழுவறாரு. நான் தூங்கற மாதிரி படுத்திருப்பேன். என்னன்னு ஒரு நாளும் கேக்கல. கேட்டா ஏதாவது ஜோக் சொல்லிடுவாரோன்னு பயம்.”

சொல்லிவிட்டு அவள் பெண்கள் பாயை விட்டு வந்து, நடுப்பாதையைத் தாண்டி, ஆண்கள் பக்கம் வந்து என் பக்கத்தில் நின்றுகொண்டாள். கல்யாண நாளுக்கு அப்புறம் அந்தச் சபையில் நாங்கள் சேர்ந்து நின்றது அன்றுதான். பாஸ்டர் “ஸ்தோத்திரம்” என்று ஆரம்பித்துக் கையைத் தூக்கினார்.

“ஐயா, இப்ப கை வைக்காதீங்க. கொஞ்சம் உக்காருங்க” என்றாள்.

பாஸ்டர் உட்கார்ந்தார். தரையிலேயே. நான் அழுதேன். மூக்கு ஒழுக, விக்கலோடு, பார்க்கச் சகிக்காத அழுகை. யாரும் பாட்டு எடுக்கவில்லை, யாரும் ஆமென் சொல்லவில்லை. அந்த அமைதியில் அன்று யாராவது ஒரு வசனம் சொல்லியிருந்தால் எழுந்து ஓடியிருப்பேன்.

ஆராதனை முடிந்ததும் பாஸ்டர் என்னை ஓரமாகக் கூப்பிட்டார். “எனக்கு ஜெபிக்கத் தெரியும் தம்பி. இது என்னன்னு எனக்குத் தெரியல. ஒரு டாக்டரைப் பாப்போமா?” காய்ச்சல் மாத்திரை போடுவதையே அவிசுவாசம் என்று பிரசங்கித்தவர் அவர். 

மறுநாள் அவரும் எங்களோடு பட்டணத்துக்கு வந்தார். மனநல டாக்டரின் வாசலில் வெள்ளை ஜிப்பாவோடு கண்மூடி முணுமுணுத்துக்கொண்டிருந்தவரைப் பார்த்த கம்பவுண்டர், “பேஷன்ட் இவருதானே?” என்று அவர் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப்போகப் பார்த்தார். நல்ல சந்தர்ப்பம். உதட்டு நுனி வரை வந்த ஜோக்கை விழுங்கினேன்.

“நான்தான்” என்றேன்.

உள்ளே டாக்டர் என்ன செய்கிறது என்று கேட்டார். வாழப் பிடிக்கவில்லை என்றேன். புருவம் ஏறியதா என்று தெரியாது. அவர் சிரிக்கவில்லை. பேனாவைக் கீழே வைத்துவிட்டு, எப்போதிலிருந்து என்று கேட்டார். நான் என் மனைவியைத் திரும்பிப் பார்த்தேன்.  அவள் நாற்காலியை மேஜைப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள்.