சிறு மில்களுக்குக் காற்றாலை தந்த எங்கள் அக்கா

அக்கா எங்களைப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உங்களில் பலர் அவரைக் 'காத்தாடி எஞ்சினியரம்மா' என்றே அறிவீர்கள். தம்பியாகிய நான் அறிந்ததைச் சொல்கிறேன்.

அக்கா பிறந்தது ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில். அப்பா சீக்கிரமே காலமானதால், அம்மா இராஜபாளையத்தில் ஒரு சிறிய நூற்பாலையில் வேலை பார்த்து எங்களை வளர்த்தார். மின்வெட்டு நாள்களில் வேலை இல்லை, கூலியும் இல்லை. திறக்காத தூக்குச்சட்டியோடு அம்மா அடுத்த பஸ்ஸிலேயே திரும்பி வருவார். மின்பொறியியல்தான் படிப்பேன் என்று அக்கா பிடிவாதம் பிடித்தபோது யாரும் காரணம் கேட்கவில்லை.

எண்பதுகளின் நடுவில் சென்னையில், காற்றாலைகளுக்கு விதிமுறை வகுக்கும் அரசு அலுவலகத்தில் சேர்ந்தார். பெரிய மில்கள் சொந்தக் காற்றாலை வாங்கின. சிறிய மில்களுக்கு அந்த விலை எட்டாது. பல மில்கள் கூட்டாக ஒரு காற்றாலை அமைத்து மின்சாரத்தைப் பகிர்ந்துகொள்ள விதி வேண்டும் என்று அக்கா வாதாடினார்.

"உங்க ஊருக்காக விதியை மாத்தணுமா?" என்றாராம் மேலதிகாரி.

"கரண்ட் இல்லாம வேலை போறவங்க எல்லா ஊருலயும் இருக்காங்க சார்."

பல ஆண்டு இழுபறிக்குப் பின் அனுமதி வந்தது. ஆனால் எந்த மில்லும் முன்வரவில்லை. அக்கா வேலையை விட்டு, அத்தானோடும் சிறு குழந்தையோடும் இராஜபாளையம் வந்து, திட்டத்தைத் தாமே ஏற்று நடத்தினார்.

"ஏட்டி, பென்ஷன் வேலைய விட்டுட்டு காத்த நம்பி வாரியே!" என்று அம்மா பதறினார்.

"காத்த மட்டுமா நம்புதேன்? ஒன்னயுந்தான். பிள்ளையப் பாத்துக்கோம்மா."

அக்கா நேரில் போய்ப் பேசிச் சேர்த்த சில சிறு மில்களின் பணத்தில் கயத்தாறு பக்கம் காற்றாலை எழுந்தது. முதல் ஆனிக் காற்றிலேயே பல்சக்கரம் உடைந்து நின்றது. மில்காரர்கள் கூட்டத்தில் ஒருவர், "நம்பி வந்தவங்கள நடுத்தெருவுல நிறுத்திட்டியளேம்மா" என்று கத்தினார்.

அக்கா எழுந்து, "மெஷினத் தேர்ந்தெடுத்தது நான். அது சுத்துத வரைக்கும் அங்கனயே கெடக்கேன்" என்றார்.

அப்படியே செய்தார். பள்ளி ஆசிரியரான அத்தான் விடுப்பு எடுத்துக்கொண்டு கூடவே போய், பழுதுபார்க்க வந்தவர்களுக்கும் சேர்த்துச் சமைத்துப் போட்டார். காற்றுக்காலம் முடியுமுன் இறக்கை சுற்றியது. கத்தியவர் விலகிப் போனார்; மற்றவர்கள் நின்றார்கள். அடுத்து வந்த மின்வெட்டில் அந்த மில்களில் ஒரு ஷிப்டும் குறையவில்லை. அதன்பின் மேலும் பல கூட்டுக் காற்றாலைகளை அக்கா முன்னின்று அமைத்தார்.

நோய் வந்தபோதும் முகம் சுளிக்கவில்லை. கடைசி நாளில், கஞ்சி ஊட்டிய அத்தானின் கையைப் பிடித்து, "நீங்க சாப்டியளா?" என்றார். அதுவே அக்காவின் கடைசிப் பேச்சு.

மதுரையில் அக்காவைக் கவனித்துக்கொண்ட மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், ரத்தம் கொடுக்கச் சேத்தூரிலிருந்து பைக்கிலேயே வந்த மில் தொழிலாளர்களுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது. இன்னும் ஓர் உதவியும் கேட்கிறேன். அத்தானைப் பார்க்க வருகிறவர்கள் சாப்பாட்டு நேரத்தில் வாருங்கள். தனியாக உட்கார்ந்தால் அவர் சரியாகச் சாப்பிடுவதில்லை.