ஆத்தாவின் ஏழு கேள்விகள்

நோயாளிக்குத் துணைக்குப் போவதும் ஒரு வேலைதான். சம்பளம் கிடையாது, விடுமுறை கிடையாது, ராஜினாமா செய்யவும் முடியாது. வார்டு வராந்தாவில் கூஜாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதுகளின் கடைசியில் தொடங்கி ஏறத்தாழ இரண்டு வருஷம் நான் அந்த வேலை பார்த்தேன்.

நோயாளி என் தாய். நாங்கள் ஆத்தா என்று கூப்பிடுவோம். காரைக்குடியில் வீடு. கண்டனூர், கொத்தமங்கலம் பக்கத்துப் பெரிய வீடுகளில் கல்யாணம் என்றால், பத்துப் பெண்களைக் கூட்டிக்கொண்டு பலகாரம் செய்யப் போவார். அப்பா காலமாகிவிட்டார். அண்ணனுக்கு விவசாயம். நான் ஆரம்பப் பள்ளி ஆசிரியை. பெண்கள் வார்டில் ஆண்களைத் தங்க விடமாட்டார்கள். ஆகவே துணைக்கு இருக்கும் உத்தியோகம் எனக்கு வந்தது.

இரண்டு வார்த்தை

மதுரை டாக்டர் ஆத்தாவைச் சோதித்துவிட்டு வெளியே உட்காரச் சொன்னார். பிறகு அண்ணனிடமும் என்னிடமும் விஷயத்தைச் சொன்னார். கர்ப்பப்பையில் புற்றுநோய். முற்றிவிட்டது, ஆபரேஷன் செய்யும் கட்டம் தாண்டிவிட்டது. கரண்டு வைத்துப் பார்க்கலாம். உடம்புக்குள் கதிர் பாய்ச்சுவதை அப்போது எல்லோரும் அப்படித்தான் சொன்னார்கள். "அவங்ககிட்டச் சொல்லிராதீங்க, மனசு விட்ருவாங்க" என்றார். அந்தக் காலத்தில் நானறிந்த டாக்டர்கள் எல்லோரும் அப்படித்தான் சொன்னார்கள். நானறிந்த வீடுகளும் அப்படித்தான் செய்தன. வயிற்றில் புண், மருந்துக்கு ஆறிவிடும் என்று நாங்கள் பேசி வைத்துக்கொண்டோம்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அதை ஒப்பித்தேன். மேலூர் தாண்டும்வரை ஆத்தா வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். பிறகு என் பக்கம் திரும்பிச் சொன்னார்: "ஒங்க ரெண்டு பேருகிட்டயும் அம்புட்டு நேரம் பேசுனாரே, நோவுக்காரிக்கு ரெண்டு வார்த்தைதான் மிச்சம் வச்சாராக்கும்."

அத்தை கொண்டுவந்த விளக்கு

எங்கள் ரகசியம் பத்து நாள் தாங்கியது. அதை உடைத்தது, விஷயம் தெரிந்த எங்கள் அத்தை, அப்பாவின் அக்கா. அந்த வாரம் திருக்கோஷ்டியூர்ப் பெருமாள் கோயிலில் மாசித் தெப்பம். பெரிய வேண்டுதல் உள்ளவர்கள் அங்கே குளக்கரையில் இருந்து ஒரு விளக்கை வீட்டுக்கு எடுத்து வந்து வைத்துக் கும்பிடுவார்கள். நினைத்தது நடந்தால் மறு வருஷம் போய் விளக்கேற்றுவார்கள். கல்யாணம் கூடாத பெண்ணுக்காக எடுப்பார்கள். பிள்ளை இல்லாதவர்கள் எடுப்பார்கள். உயிர் பிழைக்க வேண்டியவர்களுக்காகவும் எடுப்பார்கள். அத்தை ஒன்றை முந்தானையில் பொத்தி எடுத்துவந்து சாமி படத்தின் முன்னால் வைத்தார்.

"யாருக்கு மதினி எடுத்தீக?" என்றார் ஆத்தா.

"ஒனக்குத்தான். ஒடம்பு சரியாகணும்ல."

"வயித்துப் புண்ணுக்கு யாரும் விளக்கு எடுக்க மாட்டாக."

அத்தை என்னைப் பார்த்தார். நான் அண்ணனைப் பார்த்தேன். அண்ணன் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார். வேறு வழியில்லாமல் நானே எல்லாவற்றையும் சொன்னேன். அத்தை அழுதார். ஆத்தா முழுவதும் கேட்டுவிட்டுச் சொன்னார்: "பெருமாள்கிட்டச் சொல்லிட்டீக. எங்கிட்டச் சொல்றதுக்கு என்ன?"

டாக்டருக்கு வைத்த பரீட்சை

கல்யாண வீட்டில் அடுப்பு மூட்டும் முன்பே ஆத்தா எல்லாவற்றையும் கேட்டு முடித்துவிடுவார். இலை எத்தனை, விறகு காய்ந்ததா, எந்தச் செக்கு எண்ணெய், கூடமாட யார் நிற்பார்கள் என்று ஒன்று விடமாட்டார். எண்ணெய் காய்ந்த பிறகு கேள்வி கேட்கக்கூடாது என்பது அவர் சட்டம். அன்று சாயங்காலம் என்னை நோட்டும் பென்சிலும் எடுத்துவரச் சொன்னார். அவர் சொல்லச் சொல்ல ஏழு கேள்விகள் எழுதினேன். கரண்டு எத்தனை நாள் வைப்பார்கள்? வலிக்குமா? பிறகு சோறு இறங்குமா? நடமாட முடியுமா? பாதியில் நிறுத்தலாமா? ஒன்றுமே செய்யாவிட்டால் என்ன ஆகும்? ஏழாவது: நோய் போகுமா, தள்ளித்தான் போகுமா?

மதுரையில் தாளைப் பார்த்ததும் டாக்டருக்கு முகம் மாறியது. "ஆம்பிளைங்க யாரும் வரலையா?" என்றார். "மகன் வெளிய நிக்கிறான். கேள்வி எங்கிட்ட இருக்கு" என்றார் ஆத்தா. டாக்டர் பேனாவை மூடி வைத்துவிட்டு ஒவ்வொன்றாகப் பதில் சொன்னார். ஏழாவதற்குச் சொன்னார்: "போகாதும்மா. தள்ளிப் போகும்." ஆத்தா தலையசைத்தார். "தள்ளிப் போனாப் போதும். வைங்க" என்றார். கையெழுத்துப் போடும் இடத்தில் அண்ணனைக் கூப்பிட விடவில்லை. நாலாம் வகுப்புக் கையெழுத்தில் தானே போட்டார். நாங்கள் கிளம்பும்போது டாக்டர் சொன்னார்: "அடுத்த தடவையும் எழுதிக்கிட்டே வாங்க. வாயால கேட்டா ரெண்டு கேள்வியில நான் தப்பிச்சிருவேன்."

வார்டில் ஒரு நியமனம்

ஐந்து வாரம் வார்டில் இருந்தோம். பக்கத்துக் கட்டிலில் சிவகங்கைப் பக்கத்துப் பெண் ஒருத்தி. வயது முப்பது இருக்கும். தனக்கு என்ன செய்யப்போகிறார்கள் என்று அவளுக்கே தெரியாது. ஆத்தா என்னை நோட்டை எடுக்கச் சொன்னார். அந்த வாரக் கடைசியில் ஆறு கட்டில்காரர்களுக்கு நான் கேள்விகள் எழுதிக் கொடுத்திருந்தேன். டாக்டர் எல்லாவற்றுக்கும் பதில் சொல்லி ரவுண்டு முடியப் பதினொரு மணி ஆகிவிட்டது. கோபித்துக்கொள்வார் என்று நான் பயந்த நர்ஸ் என்னிடம் சொன்னார்: "வார்டுக்கு இன்னொரு ஆள் வேணும்னு எழுதிப் போட்டோம். ஒங்க அம்மாவை அனுப்பியிருக்காங்க போல."

மெட்ராஸ்

டாக்டர் சொன்னபடியே நோய் தள்ளிப் போனது. ஒரு வருஷத்துக்கு மேல் ஆத்தா நன்றாக இருந்தார். இரண்டு கல்யாணங்களுக்குப் பலகாரம் செய்தார். பிறகு கால் வீங்கியது. இடுப்பு வலித்தது. மெட்ராஸில் பெரிய ஆபரேஷன் ஒன்று செய்கிறார்கள், ஆனால் உறுதி சொல்ல முடியாது என்றார் டாக்டர். அண்ணன் அப்போதே கிளம்பத் தயார். இந்த முறை ஆத்தாவிடம் இரண்டே கேள்விகள். "போனா எம்புட்டு நாள் படுக்கை? போகாட்டி எம்புட்டு நாள் நடை?" போனால் மூன்று மாதம் படுக்கை, அதன் பிறகும் எழுந்திருப்பது சந்தேகம் என்றார் டாக்டர். போகாவிட்டால் மூன்று நான்கு மாதம் நடமாடலாம், வலிக்கு மருந்து தருகிறேன் என்றார்.

"அப்ப வீட்டுக்குப் போவோம்" என்றார் ஆத்தா.

அண்ணனுக்குத் தாங்கவில்லை. பஸ் ஸ்டாண்டில் நின்று, "பெத்த தாயைப் பார்க்காம விட்டுட்டான்னு ஊரு என்னையத்தானே பேசும்" என்றார். "பேசட்டும். நான் நடந்து போறதையும் அந்த ஊரு பார்க்கட்டும்" என்றார் ஆத்தா. நாலு நாள் அண்ணன் அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஐந்தாம் நாள் கண்டனூரில் இருந்து கல்யாணத்துக்குக் கூப்பிட வந்தார்கள். வண்டி கட்டி ஆத்தாவைக் கூட்டிக்கொண்டு போனது அண்ணன்தான். ஆத்தா நாற்காலியில் உட்கார்ந்தபடியே மனகோலம் என்ற இனிப்புக்குப் பாகுபதம் சொன்னார். சாப்பாட்டுப் பந்திக்குத் தன் காலால் நடந்து போனார்.

பங்குனியில் இறந்தார். பதினாறாம் நாள் காரியத்துக்குக் கூட்டம் நிறைந்திருந்தது. சித்தப்பா முறையான ஒரு பெரியவர் எல்லோர் முன்னாலும் கேட்டார், ஏன் மெட்ராஸுக்குக் கொண்டுபோகவில்லை என்று. நான் வாயைத் திறக்கும் முன் அண்ணன் நிமிர்ந்து பதில் சொன்னார்: "கொண்டுபோகணும்னுதான் நின்னேன், சித்தப்பா. ஆத்தா டாக்டருகிட்ட எல்லாத்தையும் கேட்டுப்புட்டு வேணாம்னாக. அவுக ஒடம்பு, அவுக சொன்னாக, நான் கேட்டேன்."

இரண்டு வருஷம் உழைத்தும் அந்த உத்தியோகத்தில் எனக்குப் பதவி உயர்வு கிடைக்கவில்லை. கடைசி நாள் வரை மேலதிகாரி நோயாளிதான்.