என் மடியில் இருந்த கேன்

என் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும். எழுத்துப் பிழையும் நிறைய வரும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

தூத்துக்குடியிலிருந்து மாலத்தீவுக்கு வெங்காயம் ஏற்றிப்போன தோணியில் நான் சமையல்காரன், பண்டாரி என்பார்கள். நல்ல தண்ணீரை மிச்சம் பிடிக்க, அரிசி களைவதற்குக் கடல் தண்ணீரைத் தனிக் கேனில் வைத்திருப்பேன். இரண்டும் ஒரே மாதிரி நீலக் கேன்.

ஒரு விடிகாலையில் அடிப்பலகை விட்டுத் தண்ணீர் ஏறி, தோணி மூழ்கியது. ஐந்து பேரும் சிறு படகில் குதித்தோம். கைக்கு அகப்பட்ட கேனைத் தூக்கிக்கொண்டு நானும் குதித்தேன். தோணியை நடத்திய தண்டல், "தண்ணி பண்டாரி பொறுப்பு" என்றார்.

வெயில் ஏறியதும் மூடியில் கொஞ்சம் ஊற்றி நாக்கில் வைத்தேன். உப்பு. அரிசி களையும் கேனைத்தான் தூக்கி வந்திருக்கிறேன்.

தண்டல் காதில் மட்டும் சொன்னேன். அவர் என்னைப் பார்க்காமலே முணுமுணுத்தார்: "வாயத் திறக்காத. தண்ணி இருக்குன்னு நம்புத வரைக்கும் கடலக் குடிக்க மாட்டானுவ." பிறகு சத்தமாக, "நாளைக்கு உச்சி வரைக்கும் யாருக்கும் சொட்டு கிடையாது" என்றார்.

எஞ்சின் டிரைவர் எனக்கு மச்சான் முறை. "ஏலே, கல்யாண வீட்டுல பாயசத்தப் பதுக்குதவன் மாதிரி இருக்கியே. ஒரு மூடி தாயேன்" என்றான். நான் கேனை மடிக்குள் இழுத்து வைத்துக்கொண்டேன்.

மறுநாள் உச்சியும் வந்தது. "சாயங்காலம் பாப்போம்" என்றார் தண்டல். மச்சான் என் மேல் பாய்ந்தான். "உங்கப்பன் வீட்டுத் தண்ணியாலே?" கேனை வயிற்றோடு அணைத்துக் குப்புறப் படுத்தேன். முதுகில் விழுந்த அடி வலிக்கவில்லை. அவன் வாயில் வைத்துவிட்டால் என்ன ஆகும் என்ற பயம்தான் பெரிதாக இருந்தது. மாதாவே, மாதாவே என்று மனதுக்குள் கூப்பிட்டுக்கொண்டே கிடந்தேன்.

வெயில் சாயும்போது தருவைகுளத்து விசைப்படகு ஒன்று எங்களைக் கண்டது. அதில் ஏறி, கொடுத்த தண்ணீரை மடக்கு மடக்காகக் குடித்தோம். மச்சான் என் கேனைப் பிடுங்கி, "இனி எதுக்குலே பூட்டி வைக்க?" என்று வாயில் கவிழ்த்தான். துப்பினான். கேனைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"ரெண்டு நாளும் இதானாலே?"

ஆமாம் என்று தலையாட்டினேன். எங்களிடம் ஒரு சொட்டு நல்ல தண்ணீர்கூட இருந்ததில்லை என்று அப்போதுதான் மச்சானுக்குப் புரிந்தது. அடித்த முதுகைத் தடவிக்கொடுத்து, என் சட்டையைப் பிடித்தவன் கரை வரும்வரை விடவில்லை.

ஐப்பசி பத்து, செவ்வாய்க்கிழமை.